முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அதனால்தான் என்னைச் சாட்சியாக நிறுத்தினார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் எனக்கு அட்டெண்டர் வேலை. ஸ்ட்ரெச்சர் தள்ளுவேன், ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை லேபுக்குக் கொண்டுபோவேன், தரை துடைப்பேன். 2012 வாக்கில் அங்கே பாம்புக்கடி பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். விஷமுறிவு மருந்தை முதலிலேயே நிறையக் கொடுப்பதா, குறைவாகத் தொடங்கித் தேவைப்பட்டால் கூட்டுவதா, எது நல்லது என்று யாருக்கும் நிச்சயமில்லையாம். யாருக்கு எந்த அளவு என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை. ஒட்டிய கவரைப் பிரித்தால் உள்ளே எழுதியிருக்கும்.

இதில் சேர நோயாளியோ சொந்தக்காரரோ சம்மதிக்க வேண்டும். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், ஆராய்ச்சியில் வேலை செய்யாத ஒருவர் பக்கத்தில் நின்று, படிவம் முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது என்று கையெழுத்துப் போட வேண்டும். நர்சுகள் எல்லாரும் ஆராய்ச்சியில் இருந்தார்கள். மிஞ்சியது நான்.

“ஏட்டி, கோர்ட்டு வாசல்ல நிக்கியவன் கூட இவ்வளவு சாட்சி சொல்லியிருக்க மாட்டான்” என்று ஒரு நர்ஸ் என்னைக் கேலி செய்வாள்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். இந்த வேலையில் பேச வேண்டாம், நின்றால் போதும் என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. கேட்டுக் கேட்டுப் படிவம் மனப்பாடமாகிவிட்டது. விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், அப்போதும் வழக்கமான சிகிச்சை முழுதாகக் கிடைக்கும் என்பது அதன் கடைசிப் பக்கத்தில் வரும்.

மழை விட்ட ஒரு காலையில், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ரப்பர் பால் வெட்டுகிற ஒருவரை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். காலில் விரியன் கடித்திருந்தது. கூட வந்தது மனைவி மட்டும். இளம் டாக்டர் கடிபட்டவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தார். இருபது நிமிடம் அதை அசைக்கக் கூடாது. உறைந்துவிட்டால் பயமில்லை. நேரம் ஆனதும் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் போல ஓடியது.

டாக்டர் படிவத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அந்த நேரம் வெளியே பைக் விபத்துக் கேஸ் ஒன்று வந்து இறங்கியது. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே வேகவேகமாக வாசித்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

“இங்க கைநாட்டு வைங்கம்மா.”

அந்தப் பெண் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அக்கா, வெக்கட்டா?”

‘சார், இன்னும் ஒரு பக்கம் இருக்கு.’ ஐந்தே சொல். தொண்டை வரை வந்தது. நான் தலையை ஆட்டினேன். அவள் விரலை அழுத்தினாள். நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். கவரைப் பிரித்து, அதில் எழுதியிருந்த அளவு மருந்தை ஏற்றினார்கள்.

மதியத்துக்குள் அவள் கணவருடைய பல் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியது. மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் கொஞ்சமாக வந்தது. இரண்டாவது குழாயிலும் ரத்தம் உறையவில்லை. அடுத்த கட்டிலில், வாழைத்தோட்டத்தில் கடிபட்ட ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவரும் அன்று காலை ஆராய்ச்சியில் சேர்ந்தவர்தான். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் குழாயடியில் தட்டு கழுவும்போது அவள் பின்னால் வந்து நின்றாள்.

“அக்கா, அடுத்த கட்டில்ல உள்ளவியளுக்கு பத்து குப்பி மருந்து. எனக்க ஆளுக்கு அஞ்சு. ரெண்டு தரம் எண்ணிப் பாத்தேன்.”

“அது கவருல வந்த கணக்கு” என்றேன்.

“நான் கைநாட்டு வெக்காம இருந்திருந்தா?”

தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம்.

“வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அப்பமும் மருந்து தருவாவ. அது கடைசிப் பக்கத்துல உண்டு. டாக்டர் வாசிக்கல்ல.”

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பின்ன என்னத்துக்கு தலைய ஆட்டுனிய?”

சத்தம் போடவில்லை. தணிந்த குரலில்தான் கேட்டாள். நான் கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

அவள் நேராகப் பெரிய டாக்டரிடம் போனாள். ரத்தம் உறையாததால் அடுத்த மருந்து கலக்கிக்கொண்டிருக்கிறார்கள், குறைவாகக் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது, அது தெரியாமல்தான் இந்த ஆராய்ச்சியே நடக்கிறது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அது உண்மையாக இருக்கலாம்.

“எனக்க ஆள வெச்சா அத தெரிஞ்சுக்கணும்? அவிய பேர வெட்டிருங்க சார்.”

பெயரை நீக்கவும் ஒரு படிவம் உண்டு. அதற்கும் சாட்சி வேண்டும். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனேன்.

“இவிய வேண்டாம்” என்றாள் அவள். “வேற யாராவது நிக்கட்டும்.”

கேன்டீனில் சாயா போடுகிறவர் வந்து நின்றார். இந்த முறை டாக்டர் ஒரு வரி விடாமல் வாசித்தார். மருந்து மறுபடி ஏறியது. சாயங்காலம் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று அவள் கணவரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். ஸ்ட்ரெச்சரை நான்தான் தள்ளினேன். அவள் மறுபக்கமாக நடந்தாள். எங்கள் நடுவில் கிடந்தவர் கண்ணைத் திறக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, என்ன ஆயிற்று என்று விசாரிக்க நர்ஸ் அந்த வீட்டு நம்பருக்கு அடித்தாள். யாரோ எடுத்தார்கள். ஆஸ்பத்திரி என்றதும் வைத்துவிட்டார்கள். இன்னொரு தடவையும் அப்படித்தான்.

“நீ பேசிப் பாக்கியாட்டி? ஆஸ்பத்திரின்னு சொல்லாம பேசுனா வெக்க மாட்டாவ” என்று நர்ஸ் மறுபடி நம்பரை அடித்து, போனை என் பக்கம் நீட்டினாள். அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். ஒரு பெண்குரல், “ஆரு?” என்று கேட்டது. மறுபடியும் கேட்டது. நான் போனை வாங்கவில்லை.