வைசனின் கோட்டுப் பையில் பாடிய குரல்

என் தங்கை லோயிஸுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் பிளான்டையரில் லாரி ஓட்டுகிறான். இளையவன் வைசன் எங்கள் ஊரான சோம்பாவிலேயே தங்கிவிட்டான். அலுவலகங்கள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளை ஏற்றி, பள்ளிகளுக்கும் சபைகளுக்கும் கொடுப்பது அவன் தொழில். எங்கே எது கெட்டுப்போனாலும் அவன் வாயில் முதலில் வருவது, “யாரு கை வச்சது?”

எங்கள் சபையில் இருப்பதும் அவன் கொடுத்த கம்ப்யூட்டர்தான். பாட்டுக்குழுவின் பெண் எலூபே அதில் பாட்டு வரிகளை அடித்துத் திரையில் போடுவாள். குழுத் தலைவன் லாஸ்டன் முதல் வரியைப் பாடினால் மறுவரியை அவள் எடுப்பாள், பிறகு எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். லாஸ்டன் யாரோ அல்ல, என் பெரியம்மா மகன். அவன்தான் போன மழைக்காலத்தில் செத்துப்போனான்.

அடக்கத்துக்கு முன்னால் லாஸ்டன் மனைவி ஃபெலிஸ்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அவரு பாடி வச்சது மெஷின்ல இருக்காமே. சவப்பெட்டிய மூடுறதுக்குள்ள ஒரு தடவ கேக்கணும்.” அவன் குரல் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் முதல் வரியைப் பாட வேண்டும், எலூபேயும் குழுவும் பதில் பாட வேண்டும் என்று ஏற்பாடு.

வைசன் பாட்டைத் தட்டினான். திரையில் கோடு ஓடியது, ஆனால் சத்தம் இல்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினான். ஆம்பிளிஃபயரைத் தட்டினான், அது இரைந்தது, நன்றாகத்தான் இருந்தது. சவுண்ட் சர்வர் என்று உள்ளே ஒன்று உண்டாம். வருகிற சத்தத்தையெல்லாம் வாங்கி, நீ இந்தப் பெட்டிக்குப் போ, நீ அந்தப் பெட்டிக்குப் போ என்று அனுப்புவது அதன் வேலை. அதை நிறுத்தி எழுப்பினான். எழுந்தது, பாட்டும் ஓடியது, பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை.

வெளியே குழி வெட்டும் பேரன்மார் பொறுமை இழந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அந்த வேலைக்கு வந்தவர் நரைத்த தலையென்றாலும் பேரன்தான். சாவு வீட்டில் யாரையும் கேலி பேச அவர்களுக்கு உரிமை உண்டு.

“என்ன வைசன், செத்தவரே எந்திரிச்சுப் பாடினாதான் உண்டா?” என்றான் ஒருவன்.

“மழை இறங்குது. குழியில தண்ணி நின்னா உன்னைத்தான் உள்ள விட்டு அள்ளச் சொல்லுவோம்!” என்றான் இன்னொருவன்.

வைசனுக்கு முகம் வியர்த்துவிட்டது. சபை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். “யாரு கை வச்சது? எலூபே, நீதானே நேத்து உக்காந்திருந்த? தெரியாத இடத்துல கண்டதையும் அமுக்குனா இப்படித்தான்!”

“நான் வரிய மட்டும்தாண்ணே அடிச்சேன்.”

“அப்ப மெஷின் தானா கெட்டுப்போச்சா?”

எலூபே தோளில் கிடந்த பாட்டுக்குழுவின் துணிப்பட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தலை குனிந்து வெளியேறினாள். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நானும்தான்.

பிறகு வைசன் ஃபெலிஸ்டாவிடம் போனான். பாயில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் மண்டியிட்டுக் குனிந்தான். “மன்னிச்சுக்கோங்க அத்தை, முடியல.”

அவள் அவன் கோட்டைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்து, காதை அவன் நெஞ்சில் வைத்தாள்.

“பாடுறாரு” என்றாள்.

துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டதென்று பெண்கள் அவளைப் பிடிக்க வந்தார்கள். அவள் கையை உதறினாள். “சும்மா இருங்கடி. இங்கதான் பாடுறாரு.”

வைசன் மெதுவாகக் கோட்டுப் பைக்குள் கைவிட்டான். கழுத்தில் மாட்டி ஒயர் இல்லாமல் பாட்டுக் கேட்கும் இயர்போன் ஒன்று அவனிடம் உண்டு. துக்க வீட்டுக்கு மரியாதையாக அதைக் கழற்றி உள்ளே போட்டிருந்தான், அணைக்க மறந்திருந்தான். அதன் முனையில் கொசு அளவுக்கு லாஸ்டன் பாடிக்கொண்டிருந்தான். முந்தின சாயங்காலம் அதே கம்ப்யூட்டரில் கால்பந்து வர்ணனை கேட்பதற்காக, இந்த இயர்போன் பக்கத்தில் வந்தால் சத்தத்தையெல்லாம் இதற்கே கொடு என்று அவனேதான் சொல்லிவைத்திருந்தான். கம்ப்யூட்டர் அதை மறக்கவில்லை.

இயர்போனை அணைத்து, பாட்டை முதலிலிருந்து போட்டான். பெட்டி முழங்கியது. லாஸ்டன் முதல் வரியைப் பாடி நிறுத்தினான். எலூபேயின் மறுவரிக்காக அவன் விட்டிருந்த இடம் வெறுமையாகப் போனது. குழுவில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அடுத்த வரி, அதற்கடுத்த இடமும் வெறுமை. மூன்றாவதில் ஃபெலிஸ்டா உடைந்த குரலில் தானே எடுத்தாள். வைசன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் நின்றான். மறைத்துக்கொள்ள அது போதாது.

எங்கள் வழக்கத்தில் மன்னிப்புக் கேட்கத் தனியாகப் போகக்கூடாது. தாய்மாமன் வேண்டும். அதனால் அடக்கம் முடிந்தபின் எலூபே வீட்டுக்கு நான் கூடப் போனேன். எலூபே முற்றத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசினேன். அவன் தரையில் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, நீங்க சொன்னது கேட்டுச்சு. அண்ணன் சத்தம் எங்க? அதுவும் வேற யாரு பைக்குள்ளயாவது போயிடுச்சா?”

“நான்தான் கை வச்சேன், எலூபே.”

“இங்க கோழிங்க கேக்கவா சொல்றீங்க? என்னைக் குத்தம் சொன்னது எங்க வச்சு?”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வைசன் மைக்கைப் பிடித்தான். குழி வெட்டிய பேரன்மார் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். “யாரு கை வச்சது?” என்று ஒருவன் மெல்லக் கேட்டான், இன்னொருவன் இருமினான்.

“நான்தான்” என்றான் வைசன்.

அன்று பெட்டி ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த ஒரு சொல் வெளியே மரத்தடியில் நின்றவர்கள் வரைக்கும் கேட்டது. எலூபே கடைசி வரிசையில் இருந்தாள். அவள் கழற்றிப் போட்ட குழுவின் பட்டை அந்த நாற்காலியிலேயே கிடந்தது, அன்றைக்கு அவள் எடுக்கவில்லை.