வெள்ளையடித்ததும் ஏறிய எடை

ஜிம் நடத்துகிறவனுக்கு இரும்பைத் தூக்குவது பெரிய பாடில்லை. தூக்கியதாகச் சொல்கிறவர்களின் பேச்சைத் தாங்குவதுதான் பாடு. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் மேற்குத் தாம்பரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் என் ஜிம். பெஞ்சில் மல்லாந்து படுத்து அவரவர் தூக்கிய அதிகபட்ச எடையைச் சுவரில் பெயருக்கு நேரே கரியால் எழுதுவேன். சுவரில் முதலிடம் யாருக்கோ, அவர்தான் மாவட்டப் போட்டிக்குப் போவார்.

ஒத்தை விரல்

முடிச்சூரில் அப்பாவின் வயலை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த சேகர், தலைமாட்டில் ஒரு நண்பனை நிறுத்திக்கொண்டுதான் பெஞ்சில் படுப்பான். கம்பி மேலே போகும்போது நண்பனுக்குத்தான் கழுத்து நரம்பு புடைக்கும். ஒருநாள் நூறு கிலோவை இப்படி ஏற்றிவிட்டு, எழுதச் சொன்னான். "உன் பேரையா, அவன் பேரையா?" என்றேன். அவன் தனியாகத் தூக்கிய எண்பதுக்கு மேல் எழுத மாட்டேன் என்றதும் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன் சும்மா ஒத்த வெரலுதான் வெச்சிகினு இருந்தான் மாஸ்டர்!"

தையல் டேப்

பேங்கில் வேலை பார்த்த வரதன் சார், மனைவியின் தையல் டேப்பைக் கொண்டுவந்து தினமும் புஜத்தை அளப்பார். நேற்று தூக்கியதற்கு இன்றே பலன் தெரிய வேண்டும் அவருக்கு. ஒருநாள் அரை அங்குலம் குறைந்துவிட்டது. மனுஷன் இடிந்துபோனார். ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காரணத்தை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"தப்பு கையில இல்ல மாஸ்டர், வேர்வைல நனைஞ்சு டேப்பு நீண்டுபோச்சு."

சுண்ணாம்பின் மகிமை

அந்த வருஷம் போட்டிக்குப் போக வேண்டியவன் டேவிட். அனகாபுத்தூரிலிருந்து சைக்கிளில் வரும் எலக்ட்ரீஷியன். யார் கையும் படாமல் நூற்றைந்து தூக்கி முதலிடத்தில் இருந்தான். ஆயுத பூஜைக்கு வெள்ளையடித்தோம். சுவரில் இருந்ததெல்லாம் போயிற்று. பொரி தின்ற வாயோடு வந்து அவரவர் பழைய எடையைச் சொன்னார்கள். டேவிட்டைத் தவிர எல்லோருக்கும் ஏறியிருந்தது. சேகர் கூசாமல் நூற்றுப்பத்து என்றான்.

டேவிட் என்னைப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூற்றுப்பத்தை மாட்டி, நண்பனை வாசலுக்கு அனுப்பிவிட்டு, சேகரைப் படுக்கச் சொன்னேன். இறங்கிய கம்பி அவன் நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டது. நானும் டேவிட்டும் அது நசுக்காமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம், தூக்கவில்லை. "நூற்றுப்பத்துன்னே எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"டேவிட்டே போவட்டும் மாஸ்டர், மொதல்ல இத்த தூக்கு!"

முட்டையும் பாலும் கொடுக்காத பலத்தை, எங்கள் ஜிம்மில் ஒரு வாளி சுண்ணாம்பு ஒரே நாளில் கொடுத்துவிட்டது.