டெமோ வண்டிக்கு ஓர் அர்ச்சனை

போன வாரம் திருத்தணி மலைமேல் எங்கள் காருக்குப் பூஜை போட்டோம். மாலை, சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் — ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு சின்ன விஷயம்தான். அந்தக் கார் எங்களுடையது இல்லை!

சிரிக்காதீர்கள். முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சிரியுங்கள்.

எங்களிடம் ஒரு பழைய சின்ன கார் இருக்கிறது. நல்ல கார்தான். ஆனால் சீட் தரையோடு தரையாக இருக்கும். என் மனைவி கலாவுக்குக் கொஞ்ச நாளாகவே முழங்கால் வலி. அதில் உட்கார வேண்டுமென்றால் தொப்பென்று விழ வேண்டும். இறங்கும்போது நான் ஒரு கை, இன்னொருவர் ஒரு கை பிடித்துத் தூக்க வேண்டும். தை மாதம் ஒரு கல்யாண மண்டப வாசலில் அப்படித் தூக்கியதைச் சொந்தக்காரர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றோடு சரி.

"நான் இனிமே எங்கியும் வர்ல. நீங்களே போய்ட்டு வாங்க."

வருகிற மாதம் கனகம்மாசத்திரத்தில் அவளுடைய சொந்த அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அதற்கும் இதே பதில்தான். அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்... எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, வேறு கார் வாங்குவோம். எந்தக் கார்? இங்கேதான் ஆரம்பித்தது தலைவலி.

பெரிய ஜீப் மாதிரி வண்டியில் ஏற அவளுக்கு ஏணி வேண்டும். சின்ன கார் வேண்டவே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் காம்பாக்ட் கிராஸ்ஓவர் என்று ஒரு ரகம் இருக்கிறது. சீட் நாற்காலி உயரம். ஏறவும் வேண்டாம், விழவும் வேண்டாம், உட்கார்ந்தால் போதும். எங்கள் தெரு வேகத்தடையில் அடியும் தட்டாது. சபாஷ்!

ஆனால்... பின் கண்ணாடி சின்னது. ரிவர்ஸ் எடுக்க கேமராவைத்தான் நம்ப வேண்டும். டிக்கியில் இரண்டு பெட்டி வைத்தால் மூன்றாவது பெட்டி மடியில். பின் சீட்டில் நடுவில் மாட்டியவர் பாடு திண்டாட்டம். எஞ்சின் சின்னது, ஏசி போட்டுக்கொண்டு மலை ஏறுமா? பெட்ரோலா, டீசலா? கியர் வேண்டுமா, ஆட்டோமேட்டிக்கா? யூடியூபில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்கிறார். அடுத்தவர், வாங்கினால் கண்ணீர்தான் என்கிறார். இருவரும் காட்டுவது ஒரே காரை! நான் யாரை நம்ப?

பாவாவைக் கேட்டேன். பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறார்.

"இன்னாப்பா இது, ஜீப்பும் இல்ல, காரும் இல்ல? ரெண்டுங்கெட்டானா கீதே! பெருசா ஒண்ணு வாங்கு. புடவை மூட்டை போடலாம்ல?"

"புடவை மூட்டை உங்களுக்கு, பாவா. எனக்கு எதுக்கு?"

"ஆங்... அதுவும் சரிதான். அப்ப இதையே வாங்கிடு."

டீ குடித்து முடித்ததும், "இல்லப்பா, வேணாம்" என்றார். வாழ்க!

இவ்வளவு கூத்திலும் கலா வாயே திறக்கவில்லை. "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டால், "ஓட்றவரு நீங்க. உங்க இஷ்டம்." அவ்வளவுதான்.

கடைசியில் டெஸ்ட் டிரைவ். ஷோரூமிலிருந்து பவித்ரா என்ற பெண், ஓட்டிப் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் டெமோ காரை வீட்டுக்கே கொண்டுவந்தார். அரக்கோணத்துக்காரர், பேச்சில் படு கெட்டி. "மலை மேல ஏத்திப் பாருங்க சார். அதுக்கு மேல இன்னா டெஸ்ட் வேணும்?" என்றார். பழக்கதோஷத்தில் நான் கையைக் கொடுக்க, கலா அதைப் பிடித்துக்கொண்டே முன் சீட்டில் ஏறினாள். பின்னால் பாவாவும் பவித்ராவும். கார் மலைப்பாதையில் ஏறியது. கொஞ்சம் முனகியது, ஆனாலும் ஏறியது. இதை நிறையில் சேர்ப்பதா, குறையில் சேர்ப்பதா? அதுவும் தெரியவில்லை.

மேலே நிறுத்தியதும் பவித்ராவுக்கு ஒரு போன். பேசிக்கொண்டே இறங்கி ஓரமாகப் போய்விட்டார். நானும் பாவாவும் டிக்கியைத் திறந்துவைத்து, எத்தனை பெட்டி பிடிக்கும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் நேரே மலைக்கு வந்து பூஜை போட்டுவிட்டுத்தான் மறுவேலை. சீட்டில் பிளாஸ்டிக் உறை கிழிக்காத கார் ஒன்று மேலே வந்து நின்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பூஜையை ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பாழாய்ப்போன உறை இந்த டெமோ காரிலும் இருந்தது! நாங்கள் டிக்கியிலிருந்து தலையை எடுப்பதற்குள் பூக்கடைக்காரர் முன்பக்கம் மாலையைப் போட்டுவிட்டார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. குருக்கள் கற்பூரத் தட்டோடு நிற்கிறார்.

இது எங்கள் வண்டி இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நீங்கள் சொல்வீர்களா? சாமி வாசலில் நின்றுகொண்டு பூஜை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உதவிக்குப் பாவாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்!

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் குருக்கள்.

நான் பாவாவை முழங்கையால் இடித்தேன்.

"கலாவதி. பூரட்டாதி நட்சத்திரம்."

குரல் காருக்குள்ளிருந்து வந்தது. கதவு திறந்தது. ஒரு கால்... இன்னொரு கால்... கலா இறங்கி நின்றுவிட்டாள். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டிய நாங்கள் இரண்டு பேரும் டிக்கி பக்கம் அல்லவா நிற்கிறோம்! கைகூப்பியபடி மெதுவாகக் காரை ஒரு சுற்று வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒளிப்பானேன்?

போனோடு திரும்பிவந்த பவித்ரா அலறினார். "ஐயோ சார்! இது டெமோ வண்டி சார்! அங்க வேற கஸ்டமர் வெயிட் பண்ணிகினு கீறாரு!"

வெள்ளை பானெட் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். துணியை எடுத்துத் துடைக்கப் போனவரைப் பாவா தடுத்தார். "சாமி பொட்ட தொடைக்காதம்மா!" பவித்ரா பாவம், துணியை வைத்துவிட்டுத் தானும் ஒரு கும்பிடு போட்டார்.

கிளம்பும்போது கலா ஏறுவதற்குக் கையை நீட்டினேன். "தள்ளுங்க" என்றாள். தானே ஏறி உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டாள். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது.

"எனக்கு இந்த வண்டியே போதுங்க."

"மேடம், இத்த விக்க மாட்டோம் மேடம். இதே மாடல் புதுசா தர்றோம்."

"என் பேர்ல அர்ச்சனை ஆனது இதுக்குத்தானேம்மா?"

பவித்ரா என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். பின்னாலிருந்து பாவா ஆரம்பித்தார். "அப்ப புதுசுக்குத் திரும்பப் பூஜை போடணுமா? இதுவே அதுக்கும் சேர்த்தியா? இத்த வேற எவனாவது வாங்கிட்டா, புண்ணியம் நமக்கா, அவனுக்கா?" பெட்ரோலா டீசலா என்று குழம்பிய காலமே தேவலை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் காபிகூடப் போடவில்லை. பிரசாதத்தை எடுத்துக்கொண்டு கலா தெருவில் வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள், ஆனாலும் நிற்கவில்லை. "கார் வாங்கிட்டோம்!" என்று ஒவ்வொரு வாசலிலும் அறிவிப்பு வேறு. "கலா, இன்னும் ஒண்ணுமே முடிவாகலையே..." என்று பின்னாலேயே ஓடினேன். காதில் வாங்கினால்தானே!

எந்த வீட்டிலும் அவள் மைலேஜ் பேசவில்லை. டிக்கி பேசவில்லை. "நானே ஏறினேன், நானே எறங்கினேன். எங்கண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு மொத நாளே போய்டுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆக, எங்கள் வீட்டில் கார் வாங்கியாகிவிட்டது. எந்தக் கார் என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை!