முப்பத்தொன்பதாவது படம்

ஏரிக்கரை டுலூத் துறைமுகத்தின் தானியக் கிடங்கில் முப்பது வருடம் பழுது பார்த்த வெர்லின் ஹாகனுக்கு மனிதர்களைவிட இயந்திரங்களிடம் நம்பிக்கை அதிகம். இயந்திரம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. ஓய்வுபெற்றதும், தன்னைவிட வயதில் மூத்த ஒரு ஃபிலிம் கேமராவை வாங்கினார். பிசுக்கேறிய ஷட்டரைக் கழுவி, உயிர் கொடுக்க ஒரு குளிர்காலமே ஆயிற்று.

அறுபத்தாறு வயதில் அக்கா ஆர்டிஸ் மறுமணம் செய்துகொண்டபோது, படமெடுக்கும் பொறுப்பு வெர்லின் தலையில் விழுந்தது.

"போன்ல எவனும் எடுக்கக் கூடாது," என்று ஆர்டிஸ் உத்தரவு போட்டிருந்தார். "மொத கல்யாணத்துக்கு நானூறு படம் இருக்கு. புருஷன்தான் இல்ல. இதுக்கு முப்பத்தாறு போதும்."

மோதிரம், முத்தம், மணக்கோலம் எல்லாம் எடுத்தாயிற்று. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும் நடந்துகொண்டிருக்கும்போது வெர்லின் கேமராவின் எண்காட்டியைப் பார்த்தார். முப்பத்தொன்பது. முப்பத்தாறு படச் சுருளில் முப்பத்தொன்பது!

ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை இன்னொரு முறை இழுத்தார். ஃபிலிம் நகர்ந்தால் கூடவே சுழல வேண்டிய இடப்பக்கக் குமிழ் அசையவேயில்லை. காலைப் பரபரப்பில் ஃபிலிமின் நுனியைச் சரியாக மாட்டவில்லை. எண்காட்டி இழுப்பைத்தான் எண்ணும், படத்தை அல்ல.

அக்காவிடம் போய் நின்றார்.

"ஆர்டிஸ், ஒண்ணுகூட விழல."

"ஒண்ணுகூடவா?"

"ஃபிலிம் நகரவே இல்ல. புதுசா அப்படியே கெடக்கு."

பக்கத்தில் டையில் மயோனைஸ் கறையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை டோய்வோ மாக்கி வாயைத் திறந்தார்: "அப்போ மறுபடி முத்தம் குடுக்கணுமா? நல்லதாப் போச்சு. காலைல பயத்துல எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல."

ஆர்டிஸ் சிரித்துவிட்டார். "மெஷின் மெஷின்னு உயிர விடுவியேடா, பாத்தியா? சரி, மாப்பிள்ளை ஓடிப்போறதுக்குள்ள எடு."

நுனியை மாட்டி, குமிழ் சுழல்வதை இரண்டு முறை பார்த்துவிட்டு வெர்லின் அவர்களை வெளியே அழைத்துப் போனார். ஏரிக்காற்றில் மணப்பெண்ணின் முக்காடு பறந்தது. காலையில் விறைத்து நின்ற மாப்பிள்ளை இப்போது தொப்பையைக்கூட உள்ளிழுக்கவில்லை.

பத்து நாளில் படங்கள் வந்தன. முப்பத்தாறும் விழுந்திருந்தன; இரண்டில் மட்டும் கண் மூடல். ஆர்டிஸ் சட்டம் போட்டு மாட்டியது எதைத் தெரியுமா? முக்காடு மாப்பிள்ளையின் முகத்தை மறைக்க, மணப்பெண் கேமராவைப் பார்த்து வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கும் படத்தை.

"இப்பவாவது ஃபிலிம் ஓடுதாடா?" என்றுதான் அப்போது அவர் கேட்டது.