வெயிலில் திறந்த குப்பி

ஒரு குப்பி மருந்து வெயில் பட்டதும் பறந்து வந்து என் மூளையை அணைத்துவிடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் ஒரு மூளை ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். அங்கே எனக்கு மேலிருந்த டாக்டரம்மாவின் விளக்கம் அப்படி.

“மூளையில செல்லுங்க கத்திக்கிட்டே இருக்கும். அதை ‘அடங்கு’ன்னு சொல்ற ரசாயனம் ஒண்ணு இருக்கு. அது செல்லுல எங்க போய் ஒட்டுது, எப்படி அடக்குதுன்னுதான் பார்க்கப் போறோம். அதைக் கூண்டுல அடைச்சு அனுப்புறாங்க. வெளிச்சம் பட்டாதான் கூண்டு உடையும்.”

“என் வீட்டுக்காரியும் என்னை ‘அடங்கு’ன்னுதான் சொல்றா டாக்டர். ஒண்ணும் வேலை செய்யல.”

அவர் சிரிக்கவில்லை. வெளிநாட்டு நண்பர் ஒருவர் தயாரித்து அனுப்பிய ஒரே குப்பி அது. கெட்டால் டாக்டரம்மாவின் ஆய்வும் போச்சு.

சுபாங் விமான நிலையத்தில் இறங்கிய பொருளை எங்கோ இருக்கிற கிள்ளான் துறைமுகக் கிடங்குக்குக் கொண்டுபோய் வைத்திருந்தான் சரக்கு ஏஜெண்ட். அந்த அறிவை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அதை வாங்கிவர பிரிக்பீல்ட்ஸில் பஸ் பிடித்து, வேர்த்து வழிந்து போய்ச் சேர்ந்தால், கிடங்கு வாசலில் உச்சிவெயிலில் கிடங்கு ஆள் ஒருத்தன், வெளிச்சம் படாமல் சுற்றியிருந்த கறுப்புக் காகிதத்தை உரித்துக் குப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

“பாஸ், மூடுங்க.”

“செக் பண்ண வேணாமா அண்ணே? வெறும் தண்ணி லா.” குலுக்கியும் காட்டினான்.

கூண்டு உடைந்தது, நம் கதை முடிந்தது என்று லோரிக்குப் பின்னால் பாய்ந்தேன். குப்பியைப் பிடுங்க வேண்டிய கைகள் என் தலையைப் பொத்திக்கொண்டிருந்தன. அந்தக் கைகளை வெட்டிப் போடலாம்.

“காலையில சாப்பிட்டீங்களா அண்ணே?”

அடுத்தவர் உழைப்பை வெயிலில் காயப் போட்டவன் என் வயிற்றை விசாரிக்கிறான்.

“திறக்காதேன்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?”

“தெரியும் அண்ணே. அதனாலதான் சந்தேகம் வந்துச்சு.”

பிடுங்கிச் சுற்றிக்கொண்டு திரும்பினேன். நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா, “மூடியிருக்கிற குப்பியிலேர்ந்து அது எப்படி உங்க மண்டைக்குள்ள போகும்?” என்றார்.

“அதை நேத்தே சொல்லியிருக்கலாமே டாக்டர்.” குரல் உயர்ந்துவிட்டது.

மறுநாள், கூண்டை உடைக்காத சிவப்பு விளக்கடியில், எலி மூளையின் மெல்லிய சீவல்மேல் அந்தத் திரவத்தைச் சொட்டினார். கூண்டை உடைக்கும் விளக்கை அவர் இன்னும் போடவில்லை. அதற்குள் செல்கள் அமைதியாகிவிட்டன. கிடங்கு வாசலிலேயே கூண்டு உடைந்திருந்தது. ஆய்வு அத்தோடு நின்றது.