பச்சைமலை அல்ல, அரியமங்கலம்

நிஜாமுதீன் தன் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அது ஒன்றையேதான் சொன்னது. ‘பச்சைமலையில் அந்தி. ஓவியர்: நிஜாமுதீன், திருச்சி.’

அவர் பெயரும் ஊரும் சரி. மீதி அத்தனையும் பொய்.

படத்தில் இருந்தது பச்சைமலை இல்லை, அரியமங்கலம் குப்பைமேடு. நேரமும் அந்தி இல்லை, காலை ஆறரை. துறையூர்ப் பக்கத்துப் பச்சைமலையை அவர் ஒரே ஒரு தடவை, ஒரு நிக்காஹுக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். குப்பைமேட்டின் கதை வேறு. முப்பது வருஷமாக அவர் தினமும் விழிப்பதே அதன் முகத்தில்தான்.

புத்தூரில் ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் நடுவே, ஒரு மாடியில் இருந்தது அந்தக் கலைக்கூடம். வெள்ளைச் சுவர், ஏசி, செருப்பை வெளியே விட வேண்டிய தரை. ‘நம் மாவட்டத்து நிலக்காட்சிகள்’ என்று வாசலில் பேனர். உள்ளே நாற்பது படங்கள். அதில் மலைக்கோட்டை மட்டும் பதினொன்று. காவிரிப் படித்துறை ஏழெட்டு. எல்லாப் படத்திலும் காவிரி கரை தொட்டு ஓடியது. மணல் திட்டும் நாணலும் ஒரு படத்தில்கூட இல்லை. இந்த ஊர்க்காரர்கள்தான் வரைந்திருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவார்கள் போலிருக்கிறது.

நிஜாமுதீனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது பாலக்கரை. கல்யாணமான பிறகு அரியமங்கலத்தில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராகச் சேர்ந்து, பக்கத்திலேயே வீடு பிடித்துக்கொண்டார். லாரியின் பின்கதவில் படம் போடுவது அவர் வேலை. என்ன படம்? இரண்டு மலை, நடுவில் சூரியன், சூரியனுக்கு அடியிலிருந்து கிளம்பும் ஆறு, ஆற்றோரம் ஓட்டு வீடு, ஒரு தென்னை, இரண்டு வாத்து. எந்த ஊர் லாரி வந்தாலும் அதேதான். ஓனர் கேட்பது அது. அப்படி ஒரு இடத்தை அவர் பார்த்ததில்லை, கேட்ட ஓனரும் பார்த்ததில்லை. பார்க்காத இடத்தை முப்பது வருஷமாக வரைந்து, அதில் அவருக்குக் கை பழுத்துவிட்டது.

அவர் மனைவி ஷரபுன்னிசாவுக்கு ஏழு வருஷமாக இழுப்பு. குப்பைமேடு புகைகிற நாட்களில் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி திணித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். தெருக்காரர்கள் கூடி மனு எழுதினார்கள். கொடுத்த இடத்தில் வாங்கிக்கொண்டார்கள், பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த மனு. அதற்கும் பார்க்கிறோம். கடைசி மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது தெருவிலேயே சிலர், “வேற வேலை இல்லையா பாய்” என்று கேட்டுவிட்டார்கள்.

அந்த வாரம்தான் அவர் பட்டறையில் மிச்சமாகக் கிடந்த ஒரு ப்ளைவுட் பலகையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனார். லாரிக்கு அடிக்கும் அதே எனாமல் பெயிண்ட். வேலைக்குப் போகும் முன் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். நாற்பது நாள் ஆயிற்று. முப்பது வருஷத்தில் கண்ணால் பார்த்து அவர் வரைந்த முதல் படம் அது. புத்தூர், தில்லைநகர்ப் பக்கத்து ஆட்கள் இதைப் பார்க்க வேண்டும். தாங்கள் காலையில் கட்டி வாசலில் வைக்கும் பை எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

கலைக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டது மகள் அல்ஷிஃபா. ‘படத்தின் பெயர்’ என்ற இடம் வந்தபோது அவள் கேட்டாள்.

“அத்தா, படத்துக்கு என்ன பேரு போட?”

“படத்துக்கு எதுக்கும்மா பேரு? பார்த்தா தெரியாதா?”

லாரிக்குப் படம் போடுகிறவன் படத்துக்குப் பெயர் வைப்பதில்லை. அங்கே எழுத்து என்பது ஓனர் சொல்வது. அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டார். அவளும் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டாள். காலி இடத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத ஆள் ஒருவர் அந்தப் பக்கம் இருந்தார். கலைக்கூடத்தின் செயலாளர் பிலோமின்ராஜ், காலேஜில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர்.

“வாங்க பாய், வாங்க. பேரு எப்படி? நானே யோசிச்சு வெச்சேன்” என்றார் அவர், அட்டை முன் நின்றிருந்த நிஜாமுதீனிடம் வந்து.

“பேரு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது மலை இல்லையே.”

“பின்ன?”

“குப்பை.”

பிலோமின்ராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்துக்குக் கிட்டே போனார்.

“அந்த ஊதா மூட்டம்?”

“புகை.”

“சரிவுல பச்சையா இருக்கே?”

“ஆமணக்கு. மழை பேஞ்சா குப்பையிலயும் முளைக்கும் சார்.”

“மேல பறக்கிறது கொக்குதானே?”

“கொக்குதான். அதுவும் குப்பைக்குத்தான் வருது.”

பிலோமின்ராஜ் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவரை ஓரமாகக் கூட்டிப் போனார். “எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. கேட்லாக் அச்சடிச்சாச்சு. ஸ்ரீரங்கத்துலருந்து சம்பத்குமார் சார்னு ஒருத்தர், பேங்க்ல பெரிய அதிகாரியா இருந்தவரு, இதையே வாங்கிக்கிறேன்னு நிக்கிறாரு. முதல் கண்காட்சியிலயே படம் விலை போறது எத்தனை பேருக்கு நடக்கும்? வாயைத் திறந்து கெடுத்துக்காதீங்க.”

நிஜாமுதீன் வாயைத் திறக்கவில்லை. ஓனர் சொன்னால் சரி என்று முப்பது வருஷம் தலையாட்டிய கழுத்து அன்றைக்கும் தானாக ஆடியது. தாங்க முடியாதது அதுதான். பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிலோமின்ராஜ் மேல் வந்த கோபம் பாலக்கரை தாண்டுவதற்குள் தன் மேலேயே திரும்பிவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஷரபுன்னிசா கட்டிலில் சாய்ந்து இழுப்புக்கான பஃப் இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்து முடித்து, மூச்சை அடக்கி, விட்டுவிட்டுப் பேசினாள்.

“ஏங்க, அப்ப நான் இழுக்கறது பச்சைமலைக் காத்தா?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“சொல்லுங்க. மலைக்காத்து உடம்புக்கு நல்லதுன்னுல்ல சொல்லுவாங்க. நான்தான் தெரியாம டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கேனா?”

“நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்.”

“நீங்க சொல்ல மாட்டீங்க. சார்னு ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு அடுத்த வார்த்தை வராது. நானும் வரேன்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஷரபுன்னிசா கிளம்புவதைப் பார்த்து எதிர்வீட்டு வியாகுலம்மாளும் கிளம்பினாள். காலைப் பூசைக்குக் கட்டிய சேலையை மாற்றவில்லை. தெருவிலிருந்து போன எல்லா மனுவிலும் முதல் கையெழுத்து அவளுடையது.

கலைக்கூடத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். நிஜாமுதீன் படத்துக்கு முன்னால் நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்ட ஒரு பெரியவர் நின்று, பக்கத்தில் நின்ற இரண்டு காலேஜ் பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் சம்பத்குமார் என்று பார்த்ததும் தெரிந்தது.

“பார்த்தேளா, அந்த மலை எத்தனை சாந்தமா இருக்கு. ஆதிசேஷன் சயனிச்சுண்டிருக்கறாப்பல. மேல அந்தப் பனி. பெருமாள் அனுக்கிரகம் இருந்தாத்தான் ஒருத்தனுக்கு இப்படிக் கை வரும்.”

வியாகுலம்மாள் படத்தைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். ஷரபுன்னிசா பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி ஷரபு, இத்தனை வருஷமா நாம குடியிருக்கறது பச்சைமலை அடிவாரமாம். ஒருத்தர்கூடச் சொல்லலை பாரு. தெரிஞ்சிருந்தா வீட்டுக்காரன் வாடகையை ஏத்தியிருப்பான்.” பிறகு பெரியவரிடம், “ஐயா, அது சயனிக்கலை. எரியுது” என்றாள்.

“என்னம்மா சொல்றேள்?”

“எங்க தெருக் குப்பைமேடுங்க இது. இந்தா, ஒயர் தொங்குதே ரெண்டாவது கம்பம், அது எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல. இந்த நீலத் தார்ப்பாய் எங்க கூரை. பாய் அதுல இருக்கற ஓட்டையைக்கூட விடலை.”

காலேஜ் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பக்கத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இங்கே திரும்பினார்கள். பிலோமின்ராஜ் வேகமாக வந்தார்.

“அம்மா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. இது கேலரி.”

“மெதுவாத்தான் சார் பேசுறேன். நான் பெரிசா பேசி நீங்க கேட்டதில்ல.”

சம்பத்குமார் நிஜாமுதீனைத் தேடிப் பிடித்துவிட்டார். “வரைஞ்சவர் நீங்கதானே? இவா சொல்றது வாஸ்தவமா?”

சார் என்ற வார்த்தை நிஜாமுதீன் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

“ஆமாங்க. குப்பைமேடுதான். அதைத்தான் வரைஞ்சேன். மலைன்னு நான் எழுதலை. நேத்தே செயலாளர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“அடடா. இதைக் கூடத்துல மாட்டணும்னு ஆத்துல சொல்லிட்டு வந்துட்டேனே. குப்பைன்னு தெரிஞ்சப்பறம் கூடத்துல எப்படி மாட்டறது?”

“எங்க வீட்டுல ஜன்னலைத் திறந்தா கூடத்துலதாங்க இருக்கு” என்றார் நிஜாமுதீன்.

பெரியவர் ஓரடி பின்னால் போனார். படத்தை இன்னொரு தடவை பார்த்தார். ஒரு நிமிஷத்துக்கு முன் அருள் தெரிந்த இடத்தில் இப்போது என்ன தெரிந்ததோ, முகம் சுருங்கிவிட்டது. பெயிண்ட் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை. ஊதா அதே ஊதாதான்.

பிலோமின்ராஜ் நடுவில் புகுந்தார். “சரி, பிரச்சினை வேண்டாம். அட்டையை எடுத்துடறேன். பேர் இல்லாமலே இருக்கட்டும். முதல்ல நீங்களும் பேர் எழுதாமத்தானே அனுப்பினீங்க பாய்? குத்தம் என் மேல மட்டுமா?”

சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டிய இடத்தில்தான் தைத்தது.

“என் தப்புதான்” என்றார் நிஜாமுதீன். “பார்த்தா தெரியும்னு நினைச்சேன். நாற்பது படத்துக்கு நடுவுல இத்தனை பேரு பார்த்திருக்கீங்க, ஒருத்தருக்கும் தெரியலை. அப்ப எழுதித்தான் ஆகணும். அரியமங்கலம் குப்பைமேடுன்னு எழுதுங்க.”

“அரியமங்கலம் ஒரு பார்வைன்னு போடலாமே. நாகரிகமா இருக்கும்.”

“குப்பைமேடுன்னு போடுங்க.”

“அப்படிப் போட்டா படத்தை எடுத்துடச் சொல்லுவாங்க பாய். கமிட்டி இருக்கு. இது நிலக்காட்சி கண்காட்சி.”

“நிலந்தானே சார் அது” என்றாள் ஷரபுன்னிசா. அதுவரை அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “வானத்துலயா இருக்கு?”

“எடுத்துட்டுப் போறதுன்னா நானே எடுத்துட்டுப் போறேன்” என்றார் நிஜாமுதீன். “ஆனா அந்த இடத்துல அட்டையை மட்டும் விட்டுடுங்க. அரியமங்கலம் குப்பைமேடு, கமிட்டி எடுத்துவிட்டதுன்னு எழுதி விடுங்க. வெறும் சுவத்தைப் பார்த்துட்டுப் போகட்டும்.”

பிலோமின்ராஜ் சுற்றிலும் பார்த்தார். பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். காலேஜ் பெண் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஆதரவுக்கு அவர் சம்பத்குமார் பக்கம் திரும்பினார். அங்கே வேறு கோபம் காத்திருந்தது.

“என்னை என்ன பார்க்கறீர்? ரெண்டு நாளா வரவா போறவாகிட்டல்லாம் மலை மலைன்னு நான் வர்ணிச்சுண்டிருக்கேன். நேத்தைக்கே உமக்குத் தெரியுமாமே. நீர் ஒரு வார்த்தை சொன்னீரா? குப்பையைப் பார்த்ததுல எனக்கு வெட்கமில்லை ஓய். பொய்யைப் பார்த்து உருகினேனே, அதுக்குத்தான். உள்ளதை எழுதும்.”

ஆனால் படத்தை வாங்குவதைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷர்தான். நியாயம் கேட்பார். ஆனால் குப்பை கூடத்துக்கு வராது.

பிலோமின்ராஜ் மேஜையிலிருந்து புது அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். பேனாவைத் திறந்து, சுவரிலேயே அட்டையை அழுத்திப் பிடித்து எழுதினார். ‘அரியமங்கலம் குப்பைமேடு.’ எழுதிவிட்டுப் பழைய அட்டையைப் பார்த்து அடுத்த வார்த்தைக்குப் போனார். ‘அந்தி’க்கு ஒரு அகரம் போட்டதும் ஷரபுன்னிசா எழுந்து வந்தாள்.

“அந்தின்னு போடாதீங்க சார். அந்தி நேரத்துல புகையில அந்த மாடியில ஒரு ஆள் நிக்க முடியாது. காலைன்னு போடுங்க.”

பிலோமின்ராஜ் அவளைப் பார்த்தார். அவள் கையில் பஃப் இருந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டு, இன்னொன்று எடுத்து, முதலிலிருந்து எழுதினார். ‘அரியமங்கலம் குப்பைமேடு. காலை ஆறரை மணி. மொட்டைமாடியிலிருந்து. நிஜாமுதீன்.’

ஒட்டி முடிக்கிறவரை நிஜாமுதீன் நகரவில்லை. அப்புறமும் ஒரு மணி நேரம் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். வருகிறவர்கள் படத்தைப் பார்த்தார்கள், கொஞ்சம் சிரித்த முகத்தோடு கிட்டே வந்தார்கள், அட்டையைப் படித்தார்கள், பக்கத்து மலைக்கோட்டைக்கு நகர்ந்தார்கள். சிலர் வேகமாகவே நகர்ந்தார்கள். வியாகுலம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. “ஓடுறதைப் பாரு பாய்” என்றாள்.

“ஓடட்டும்கா” என்றார் அவர். “படிச்சுட்டுத்தானே ஓடறாங்க.”