இரண்டாவது டிஸ்க்

என் கம்ப்யூட்டர் முன்பெல்லாம் இருபது வினாடியில் எழுந்து நிற்கும். பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை தயாராக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மனைவியின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அதற்குள் இரண்டாவதாக மாட்டிய நாளிலிருந்து, அது எழுவதற்கு ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. அடுப்பில் தண்ணீர் வைத்து, தேநீர் போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் கறுப்புத் திரையில் அந்த வெள்ளைப் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காத்திருப்பது எனக்கு வராது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கும் மேல் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தவர்களைக் குறித்துக்கொள்வது என் வேலை. இரண்டு தடவை கூப்பிடுவேன். பதில் இல்லையென்றால் கோடு. மேட்டு லைன் வீடுகளிலிருந்து மூச்சிரைக்க ஓடி வருகிறவர் “வந்துட்டேன் ஐயா!” என்று கத்தினாலும் போட்ட கோடு போட்டதுதான். தமிழ்ப் பெயர்கள் குறைந்து வங்காளதேசத்துப் பெயர்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. நான் அந்தப் பெயர்களைக் கொலை செய்கிற லட்சணத்தில், கூப்பிட்டது தன்னைத்தான் என்று ஒரு மனுஷனுக்குப் புரியவே ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்தையும் நான் கொடுத்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

என் மனைவி அதே தோட்டத்தின் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். “பதறாத காரியம் சிதறாதுங்க” என்று எனக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போயிருக்கும். போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால்கள் தப்பித்தன. பேச்சுதான் மாட்டிக்கொண்டது.

“சொல்லு தொலைஞ்சு போகல. வந்து சேர நேரமாகுது, அவ்வளவுதான். நீங்க முந்திக்கிட்டு எடுத்துக் குடுக்காதீங்க,” என்றார் மருத்துவர். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, அன்று சாப்பாட்டுத் தட்டிலேயே முந்திக்கொண்டேன். அவள் “த…” என்றால் போதும், தண்ணீர் வந்து நிற்கும். அவளுக்கு வேண்டியது தயிராக இருக்கும். “உ…” என்றால் “உப்புதானே?” என்று கிண்ணத்தைத் தள்ளுவேன். அவள் என்னையும் உட்காரச் சொல்ல வந்திருப்பாள். அன்பால் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் இந்த மூடுபனி ஊரின் ஈரத்தில் எப்போதோ செத்துப்போய், துணி போர்த்தி மூலையில் கிடந்தது. ஒரு நாள் அவள் அந்தத் துணியை விலக்கி, பெட்டியின் மேல் கை வைத்து, “பே… ரு” என்றாள்.

“யார் பேரு? மகள் பேரா?” என்று கேட்டு, சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகளின் பெயரைச் சொன்னேன். இல்லையென்று தலையசைத்தாள். பேத்தியின் பெயர், அவள் தங்கைகளின் பெயர், சொந்தத்தில் பாதிப் பேரின் பெயர் என்று வரிசையாக ஒப்பித்தேன். கையிலிருந்த டம்ளரை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாளும் அதே பெட்டி, அதே சொல். பெயர்கள் மறந்துபோகின்றன என்று நானாக முடிவு கட்டி மிகவும் பயந்துவிட்டேன். மகளின் கல்யாணப் படங்களெல்லாம் அதில்தான் இருந்தன. படத்தைக் காட்டினால் பெயர்கள் திரும்பி வரும் என்று நினைத்துத்தான் அந்த டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன்.

மாட்டியதும் வந்ததுதான் இந்த ஏழெட்டு நிமிடம். அது எழுந்த பிறகும், அவளுடைய டிஸ்க்கைத் திறந்தால் மேலே ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடம் பார்ப்பேன், பொறுக்காது, அணைத்துவிடுவேன். கேபிளை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் எழ வேண்டும் என்ற வரிசையைத் திருத்தினேன். தானாக ஓடும் நிரல்களையெல்லாம் நிறுத்தினேன். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு தடவை அணைத்து ஒரு தடவை போட வேண்டும். பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கினால் மட்டும் பழையபடி இருபது வினாடி. வேகமாக எழுந்து நிற்கும் கம்ப்யூட்டரில் வேண்டியது எதுவும் இருக்காது.

கடைசியில் ரோஷத்தை விட்டு, கம்போங் ராஜாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, “வேணாம் அங்கிள். காய்கறி லோரி ஓடுற ரோட்டுல குலுங்கிடும். சாயங்காலம் நான் அந்தப் பக்கம் வர்றேன்,” என்றாள்.

வந்தவள் எதையும் தொடவில்லை. ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் பக்கத்தில் காதை வைத்தாள். உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். அதை நானும் கேட்டிருக்கிறேன், பொருட்படுத்தியதில்லை.

“கம்ப்யூட்டர் ஸ்லோ இல்ல அங்கிள். எழும்பும்போது உள்ள இருக்கிற ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிடும். இந்தப் பழைய டிஸ்க்குக்கு உடம்பு முடியல. அதால உடனே பதில் சொல்ல முடியல. அது சொல்ற வரைக்கும் இது நின்னு காத்திருக்கு.” பிறகு என்னைப் பார்த்தாள். “எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்க?”

“நாப்பது இருக்கும்.”

“ஐயோ, என்னா அங்கிள்! ஒவ்வொரு தடவையும் அதை அடிச்சு எழுப்பியிருக்கீங்க லா. இன்னும் ரெண்டு தடவை ஆஃப் பண்ணியிருந்தா அவ்வளவுதான்.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அதற்குச் சாட்சியாக நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டிஸ்க்கைச் சொடுக்கியதும் பச்சைக் கோடு ஊர்ந்தது. அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆறாவது நிமிடம் டிஸ்க் திறந்துகொண்டது. ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. இத்தனை நாளும் ஆறு நிமிடம் பொறுத்திருந்தால் எனக்கே திறந்திருக்கும்.

“எப்ப வேணும்னாலும் போயிரும். எது முக்கியமோ அதை முதல்ல எடுத்துருவோம்,” என்றாள் அந்தப் பெண்.

“கல்யாணப் படம்,” என்றேன் நான்.

அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, என் மனைவியின் பக்கம் திரும்பினாள். “டீச்சர், உங்க டிஸ்க்கு. எது வேணும், சொல்லுங்க.” கேட்டுவிட்டு அப்படியே இருந்தாள். பச்சைக் கோட்டுக்கு எப்படி இருந்தாளோ அதே மாதிரி.

என் மனைவியின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. எனக்கு நாக்கு நுனியில் நாலு சொற்கள் துடித்தன. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

“பே… ரு,” என்றாள். விரல் திரையில் போய் நின்றது.

அங்கே ஒரு ஃபோல்டரின் பெயரே அதுதான். பேரு.

இத்தனை வாரமாக அவள் எதையும் மறந்திருக்கவில்லை. ஒரே ஒரு சொல்லைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் அவள் வாயில் ஊரார் பெயரையெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறேன். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்த ஃபோல்டர் முழுதாக வந்தது. அடுத்துக் கல்யாணப் படங்கள் பாதி வந்துகொண்டிருக்கையில் டக்கென்று ஒரு சத்தம். டிஸ்க் திரையிலிருந்து மறைந்தது. அந்தப் பெண் எவ்வளவோ முயன்றாள், அது மறுபடி வரவில்லை. நான் சொன்னபடி நடந்திருந்தால் போயிருக்கக்கூடியது எது என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் அந்த ஃபோல்டரைத் திறந்தோம். எல்லாம் அவள் குரல் பதிவுகள். கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டில் பாலர் பள்ளியை மூடியிருந்தபோது, வீட்டிலிருந்தே பெயர் கூப்பிட்டுப் பதிவு செய்து பிள்ளைகளின் பெற்றோருக்கு அனுப்புவாள். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு சும்மா இருப்பாள். “வெறும் சத்தமில்லாததை எதுக்கு ரிக்கார்டு பண்ற? வெட்டி எடு,” என்று சொல்லியிருக்கிறேன். “அது பிள்ளைங்க பேசுற நேரம்ங்க,” என்றாள் அப்போது.

முதல் பதிவைப் போட்டேன். “வணக்கம் பிள்ளைங்களா! டீச்சர் இப்ப பேர் கூப்பிடப் போறேன். சத்தமா ‘இருக்கேன் டீச்சர்’னு சொல்லணும், சரியா?” எங்கும் இடறாமல் ஓடுகிற குரல். இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

குரல் முதல் பெயரைக் கூப்பிட்டது. பிறகு அமைதி. தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம் மட்டும். என் மனைவி “இ…” என்று தொடங்கினாள். “கெட்டிக்காரப் பிள்ளை!” என்று சொல்லிவிட்டுக் குரல் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அடுத்ததில் “இரு…” வரைக்கும் வந்தாள். அதற்கடுத்ததும் கைநழுவியது. நிறுத்தலாம் என்று நான் மவுஸைத் தொட்டேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

இதற்காகத்தான் அந்தப் பெட்டியைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறாள். அவசரப்படுத்தாமல் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு ஆள் இந்த வீட்டில் அவளுக்கு வேண்டியிருந்தது. அது நானாக இல்லை.

பதினோராவதோ பன்னிரண்டாவதோ, கடைசிப் பெயர். அந்தப் பையனை எனக்கு நினைவிருக்கிறது. திக்கித் திக்கிப் பேசுவான். அவனுக்கென்று அவள் விட்டிருந்த அமைதி மற்ற எல்லாவற்றையும்விட நீளம். மழைச் சத்தத்துக்கு நடுவே கதவு திறக்கும் ஓசை கேட்டது. பிறகு ஒரு ஆண்குரல், எரிச்சலோடு: “இன்னும் முடியலையா? பசிக்குது!”

நான்தான்.

“இருங்க,” என்றது அவள் குரல். “இன்னும் ஒரு பிள்ளை பதில் சொல்லல.”

மறுபடி அமைதி. மழை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

“இருக்… கேன்… டீச்சர்,” என்றாள் என் பக்கத்திலிருந்தவள்.

“கெட்டிக்காரப் பிள்ளை!” என்றது குரல்.